வேலியில் ஒரு சங்குப்பூக் கொடி



வீட்டு வேலியில் கொடியேற்றிப் பூப்பறிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. அக்கொடிகளுள் செலவு வைக்காதது சங்குப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் கருவிளை என்பது இதுவே. மலாய்க்காரர்கள் இதனைப் 'பூங்ஙா தெலாங்' என்பர். கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இம்மலரே.

மெல்லிய தண்டுடைய இக்கொடி, பற்றுக்கம்பு கிடைத்தால் ஆளுயரத்துக்கு மேலும் படரும். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். நீல மலரின் நடுவே வெளிறிய மஞ்சள் தோன்றும். வெண்மலர் பூக்கும் வகையும் உண்டு.

இது அவரை இனத்தைச் சேர்ந்தது. இளம் ரப்பர்க் கன்றுகளிடையே நாம் காணும் மூடுபயிர்களான புவேராரியா, சென்ட்ரோசீமா போன்றே, இதன் வேர் முடிச்சுகளிலும் நுண்ணுயிர்கள் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. ஆகவே, தழைச்சத்து உரம் மிகுதியாக வேண்டியதில்லை. இட்டால் இலை செழிக்கும், பூ குறையும்.

விதையின் தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஓரிரு வாரங்களில் முளைவிடும். இளங்கன்றின் வேர் அசைந்தால் வாடிவிடும். எனவே, நிலையாக வளரும் இடத்திலேயே விதைப்பது நலம். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். பிஞ்சுக் காய்களைக் கிள்ளிவிட்டால் பூ தொடர்ந்து வரும்.

சமையலுக்குப் பூப்பறிப்போர் ஒன்றை மறத்தலாகாது. களைக்கொல்லி வந்த கலன்களை எத்தனை முறை கழுவினாலும் அவற்றைப் பூந்தொட்டியாக்குதல் கூடாது. பாராகுவாட் 2020ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. மருந்து தெளிக்கும் நிரையோரத்தில் பூத்த மலர் சோற்றுப்பானைக்கு ஆகாது. இக்கொடியின் விதையும் வேரும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவன. முற்றிய காய்கள் சிறுவர் கைக்கு எட்டலாகாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரந்தோறும் அதனைக் கொட்டிவிடுவோம்.

முற்றிய விதைகளில் ஒரு பிடியை எடுத்து உலர்த்தி வைப்போம். பாதியை நமக்கு வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த வீட்டாருக்கு அளிப்போம். வேலிகள் தோறும் நீல மலர் விரியட்டும்!