உடன்பாடு என்னும் சொல்

(புதுவை நகரில் நடைபெற்ற படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நாள்தோறும் நம் செவியில் விழும் சொல் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஆலை வாயிலில் ஒப்பந்தம் என்கிறோம். அரசுகளுக்கிடையே உடன்படிக்கை என்கிறோம். தேர்தல் வந்தால் தொகுதி உடன்பாடு என்கிறோம். இத்தனை இடங்களில் வழங்கும் இச்சொல்லின் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் இலக்கணத்தைக் கேட்போம். ‘மணி’ என்னும் சொல்லும் ‘அடித்தான்’ என்னும் சொல்லும் சேரும்போது, இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. இடையே யகரமெய் வந்து நின்று, ‘மணியடித்தான்’ ஆக்குகிறது. அந்த மெய்க்கு உடம்படுமெய் என்று பெயர். உடன்படச் செய்யும் மெய் என்பது பொருள். ‘ஆடு’, ‘ஓடிற்று’ என்பவை சேரும்போதோ ‘ஆடோடிற்று’ ஆகிறது. வந்த உயிர் வாழ்கிறது. நின்ற உகரம் மறைகிறது. அதனை உடம்படுதல் என்று இலக்கணம் சொல்லவில்லை. கெடுதல் என்றே சொல்கிறது! இரு உயிரும் அழியாமல் சேர்வதே உடன்பாடு. ஒன்று வாழ ஒன்று கெடுவதற்கு அப்பெயர் பொருந்துமோ?

இனி, இந்நகரின் கடற்கரைக்கு வாருங்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் சென்றனர். அவர்கள் அடிமைகள் அல்லராம், ஒப்பந்தக் கூலிகளாம்! 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்து, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் திரட்ட வழி திறந்தன. இரண்டு அரசுகள் உடன்பட்டன. உழைத்தவன் முதுகு வளைந்தது. எழுதப் படிக்க அறியாதவன் இட்ட கைந்நாட்டு உடன்பாடு ஆகுமா? வறுமை பிடித்துத் தள்ளிய கை அல்லவா அது!

அதே மண்ணில், 1954 அக்டோபர் 18 அன்று, வேறொரு காட்சி நடந்தது. கீழூரில் கூடிய மக்கள் பேராளர்கள் 178 பேரிடம், இந்தியாவோடு இணைவதா என்ற வினா வைக்கப்பட்டது. இணைவோம் என்றவர் 170 பேர். மாட்டோம் என்றவர் 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் இசைவு தந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது முழு நடைமுறைக்கு வந்தது.

சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேரில் வாக்களித்தனர்; இங்கோ பேராளர்கள் மட்டுமே கேட்கப்பட்டனர். இது குறையே என்பது என் கருத்து. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு அக்குறைக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. இப்பகுதிகளின் தனி ஆட்சித் தகுதியில் அரசியலமைப்பு வழியான மாற்றம் செய்வதாயின், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்தல் வேண்டும் என்கிறது அது.

1979இல் இதற்குச் சோதனை வந்தது. புதுவையை அண்டை மாநிலத்தோடு இணைத்துவிடலாம் என்னும் கருத்தைத் தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். புதுவை கொதித்தெழுந்தது. இணைப்புப் பேச்சு கைவிடப்பட்டது. புதுவைக்கும் கடலூருக்கும் மொழி வேறா? கொள்வினை கொடுப்பினை இல்லையா? எல்லாம் உண்டு. பின் ஏன் சினம்? கேட்கவில்லை என்பதே சினம்! உறவாயினும் கேட்டுத்தான் பெண்ணெடுப்பார்கள். உரிமை உண்டென்று கையைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை.

இன்றும் புதுவை ஒன்றியத்து ஆட்சிப் பகுதியே. மாநிலத் தகுதி வேண்டும் என்று அதன் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. மக்கள் விருப்பத்தை அறிய வேண்டும் என்று ஏட்டில் எழுதியவர்கள், மக்கள் மன்றம் வாய்திறந்து சொல்லும்போது செவி கொடுக்க வேண்டாமா?

தோழர்களே, தில்லியைக் கேட்கும் நாம் நம் தெருவையும் பார்க்க வேண்டும். பக்கத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி என்றோர் உழைப்பாளி இருக்கிறான். ஒப்பந்தம் ஆலைக்கும் ஆள் தருபவனுக்கும் இடையே. அதன் பெயரைச் சுமப்பவனோ அந்தத் தாளைக் கண்ணாலும் கண்டிரான்! கப்பலேறிய பாட்டனுக்குக் கிடைத்த பட்டம், கரையில் நிற்கும் பேரனுக்கும் கிடைத்திருக்கிறது.

ஆகவே, ஒப்பந்தம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் இரண்டு வினா எழுப்புங்கள்: உடன்பட்டவர் யார்? அவர் மறுத்திருந்தால் அந்த மறுப்புச் செல்லுபடியாகியிருக்குமா? கீழூரில் எட்டுப் பேர் மறுத்தனர். அந்த எட்டும் எண்ணப்பட்டது, ஏட்டில் ஏறியது. எண்ணப்பட்ட அந்த எட்டினால்தான் எஞ்சிய 170க்கும் மதிப்பு. ‘இல்லை’ என்று சொல்ல இடமிருக்கும் இடத்தில்தான் ‘ஆம்’ என்பதற்குப் பொருள் உண்டு. நம் இயக்கக் கிளைகளிலும் தீர்மானங்களுக்குக் கை தூக்கச் சொல்லும்போது, தூக்காத கைகளையும் எண்ணுங்கள்!