ஒரே வசனம், பத்துத் தடவை

மும்பை தாராவியின் பெரிய மசூதி 1887-இல் கட்டப்பட்டது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அவர்கள் வழிவந்த பிள்ளைகள் அரபு ஓதும்போது ஒரு சிக்கல் வரும். தமிழில் நமக்கு 'க' ஒன்றுதான். அரபியிலோ இரண்டு. ஒன்று வாயின் பின்பக்கம் பிறக்கும், இன்னொன்று அதற்கும் உள்ளே, உள்நாக்கை ஒட்டி. 'கல்ப்' என்று ஆழமாகச் சொன்னால் இதயம். மேலோட்டமாகச் சொன்னால் நாய்! எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

இந்த வேறுபாட்டைக் காதால்தான் பிடிக்க முடியும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஓத வைக்கும் ஆசிரியர், அதாவது உஸ்தாத், ஒருவர்தான்; அறை நிறையப் பிள்ளைகள். அவர் எத்தனை தடவை ஓதிக் காட்டுவார், பாவம்?

இங்கேதான் கைபேசி கைகொடுக்கிறது. எகிப்தின் காரி, அதாவது குர்ஆன் ஓதுபவர், ஹுஸரீ நிறுத்தி நிதானமாக ஓதிய முழுக் குர்ஆன் 1961-இல் பதிவானது; கெய்ரோ வானொலியிலும் ஒலித்தது. இன்று அதே குரல் கைபேசிச் செயலியில் இருக்கிறது. ஒரே வசனத்தை மறுபடி மறுபடி ஓட விடலாம்.

உம்மா இட்லி ஊற்றும் நேரம், அடுப்படி ஓரமாகக் கைபேசியை வையுங்கள். ஒரே வசனம். பத்துத் தடவை. சாயங்காலம் உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து பிள்ளை ஓதிக் காட்டட்டும். நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்த்துத் திருத்துவது அவர்தான்.