கட்டணத்துக்குத் தேதி உண்டு, உதவித்தொகைக்கு இல்லை

(சட்ட மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்டம் படிப்பவர்களுக்கு என்னென்ன கல்வி உதவித்தொகை இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு நான் போய்விடலாம். ஆனால் திட்டத்தின் பெயர் தெரிந்ததாலேயே பணம் கைக்கு வந்துவிடாது என்பது இங்கே இருக்கும் பலருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் என்ன இருக்கிறது என்பதையும், அது ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் அண்ணலின் கதை. 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு. பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1916-ல் லண்டன் போய், கிரேஸ் இன்னில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, பாதிப் படிப்போடு திரும்பினார். ஒப்பந்தப்படி வேலைக்குப் போன பரோடாவில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பிறகு பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மகராஜ் உதவி, நண்பர் நாவல் பதேனாவிடம் கடன் என்று எல்லாவற்றையும் திரட்டி 1920-ல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. பாரிஸ்டராகி 1923-ல் ஊர் திரும்பியபோது, வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கட்ட வேண்டிய பணம் கையில் இல்லை. அப்போதும் பதேனாதான் உதவினார்.

அண்ணலின் படிப்பையே மூன்று ஆண்டு நிறுத்தி வைத்தது பணம். அந்த வலி தெரிந்ததால்தான், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களின் படிப்புக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்லும் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. மன்னர் கொடுத்தால் அது கொடை. மன்னர் மனம் மாறினால் கொடையும் நின்றுவிடும். அரசு கொடுப்பது உரிமை. உரிமையைக் கணக்குக் கேட்டு வாங்கலாம்.

இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பட்டியல் சாதியினருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களையும் தமிழ்நாடு அரசு உதவித்தொகையில் சேர்த்திருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் காசு கொடுத்துச் சேர்ந்தால் இது கிடைக்காது. சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களுக்கு ஒன்றிய அரசின் 'டாப் கிளாஸ்' திட்டம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணத்தோடு, முதல் ஆண்டு 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் படிப்புச் செலவுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. அதனால் சேர்ந்த அன்றே விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்று, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும்தான் இது என்று நினைக்கிறவர்கள் நிறைய. சட்டப் படிப்புக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் சட்ட மாணவர்களுக்கு உண்டு.

கிளாட் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே பட்டியல் சாதி மாணவர்கள் 3,500 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பயிற்சி எடுக்க வழியில்லாதவர்களுக்காக, பேராசிரியர் ஷாம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய 'இடியா' அமைப்பு நாடு முழுக்க வேலை செய்கிறது. உங்கள் ஊரில் பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பட்டியல் முடிந்தது. இனி கணக்குக் கேட்போம்.

அந்த 2.5 லட்சம் வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு, ஆண்டில் 250 நாள் வேலைக்குப் போனால் வீட்டு வருமானம் சரியாக 2.5 லட்சம். இன்னொரு நாள் கூடுதலாக மண் சுமந்தால் பிள்ளை தகுதி இழந்துவிடும். 2019-ல் வந்த பத்து விழுக்காடு இட ஒதுக்கீட்டில், முன்னேறிய சாதியில் 'ஏழை' என்பதற்கு வரம்பு 8 லட்சம். ஒரே அரசு, ஒரே நாடு. சேரிப் பிள்ளையின் ஏழ்மையை அளக்க ஒரு படி, அக்ரகாரத்துப் பிள்ளையின் ஏழ்மையை அளக்க வேறொரு படி.

அடுத்தது நாள் கணக்கு. கட்டணம் கட்டக் கடைசித் தேதி உண்டு, தாண்டினால் அபராதம் உண்டு. உதவித்தொகை வந்து சேரக் கடைசித் தேதி இல்லை, தாமதித்த அதிகாரிக்கு அபராதமும் இல்லை. நான் படித்த கல்லூரியில் தேர்வு நெருங்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பாக்கி' என்று தலைப்புப் போட்டு, கீழே எங்கள் பெயர்கள். பாக்கி வைத்தது அரசு, பலகையில் ஏறியது எங்கள் பெயர். யார் என்ன சாதி என்று தெரியாமல் பழகிக்கொண்டிருந்த வகுப்பில், அந்த ஒரு தாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தாமதம் வெறும் நிர்வாகக் கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

2024-ல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாததால் இடம் பறிபோனது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தத் தலித் மாணவர் இடத்தைத் திரும்பப் பெற்றார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். போக முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்களை யார் எண்ணினார்கள்?

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் சட்ட மாணவர்கள், உங்களிடமிருந்தே தொடங்கலாம்.

ஒன்றிய அரசின் 2021 நெறிமுறைகள் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஒன்றைச் சொல்கின்றன. தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமலே சேர்வதற்கான அட்டை அது. உங்கள் கல்லூரியில் அதைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்து வையுங்கள், வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இவற்றைக் காரணம் காட்டித்தான் நிறைய விண்ணப்பங்கள் திரும்புகின்றன.

அதன் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. மூன்று தேதிகளை மட்டும் கேளுங்கள்: என் விண்ணப்பத்தைக் கல்லூரி எந்தத் தேதியில் அனுப்பியது, துறை எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தது, பணம் எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவர் கேட்டால் அது தனிக் குறை. ஒரு கல்லூரியில் ஐம்பது பேர் கேட்டால் அது வழக்குக்கான ஆவணம்.

இப்படிப் போராடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பார் கவுன்சில்கள் பல ஆண்டுகளாக 15,000, 40,000 என்று வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விளிம்புநிலை மக்களைத் தொழிலுக்கு வெளியே நிறுத்தும் பாகுபாடு இது என்றும் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சீனியர் அறையில் சம்பளமில்லாமல் மூன்று வருடம் நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொழில் என்றிருந்ததில் விழுந்த முதல் விரிசல் அது. உத்தரவு நடைமுறைக்கு வர நாம்தான் விடாமல் கேட்க வேண்டும்.

நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டு நிற்பவர் யார் என்பது, அங்கே யாருடைய வழக்கு எப்படிப் பேசப்படும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வரும் அம்மாவுக்கு, தன் பேச்சு புரிகிற ஒரு வழக்கறிஞர் வேண்டும். அந்த வழக்கறிஞர் இப்போது ஏதோ ஒரு கல்லூரியின் கட்டண வரிசையில் நிற்கிறார்.

நம் கோரிக்கைகள் மூன்று. வருமான வரம்பை 8 லட்சமாக உயர்த்து. முதல் பருவம் முடிவதற்குள் உதவித்தொகையைக் கொடு. அது வராததைக் காரணம் காட்டி ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ நிறுத்தாதே. கல்லூரியிலிருந்து வந்த கட்டண நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போங்கள். தகவல் மனுக்களை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.