மை பூசிய முகங்கள்



நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் 'கலையும் உண்மையும்' என்னும் பொருள்பற்றிப் பேசப் பணித்தீர்கள். உடனே வேறொரு பத்தாண்டு மலர் என் நினைவில் எழுந்தது.

1924-இல் அமைந்த உஸ்பெகிஸ்தான் சோவியத் குடியரசின் பத்தாண்டைப் போற்றி, 1934-இல் மாஸ்கோவில் ஒரு படத்தொகுப்பு வெளியாயிற்று. அதை வடிவமைத்தவர்கள் அலெக்சாந்தர் ரோட்சென்கோவும் அவர்தம் துணைவியார் வர்வாரா ஸ்தெபனோவாவும். குடியரசின் தலைவர்கள் அந்நூலில் பெரிய படங்களாக வீற்றிருந்தனர். 1937-இல் ஸ்டாலினின் களையெடுப்பு அவர்களை எட்டியது. அவர்களுள் பலர் 'மக்கள் பகைவர்' எனப்பட்டுக் கொல்லப்பட்டனர். பகைவரின் படத்தை வைத்திருப்பதே ஆபத்து என்றாயிற்று. ரோட்சென்கோ தம் சொந்தப் படியை எடுத்து, தாம் அழகுறப் பதித்த முகங்களின்மேல் தாமே கறுப்பு மையைப் பூசினார். பல்லாண்டுகள் கழித்து, 1984-இல், பிரித்தானியரான டேவிட் கிங் அப்படியைக் கண்டு உலகறியச் செய்தார்.

அரசு செய்த வேலையை இதனோடு ஒப்பிடுவோம். அக்களையெடுப்பை முன்னின்று நடத்தியவர் நிக்கொலாய் யெழோவ். மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் அவர் ஸ்டாலினின் அருகே நிற்கும் ஒளிப்படம் உண்டு. 1940-இல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தப்பட்ட படத்தில் அவர் நின்ற இடத்தில் நீர் மட்டுமே தெரிகிறது. ஒட்டிய தடமே இல்லை.

இரண்டும் அழிப்பே. ஆயினும் திருத்திய படம், 'இங்கு எவரும் இருந்ததில்லை' என்று சாதிக்கிறது. மை பூசிய பக்கமோ, 'இங்கு ஒருவர் இருந்தார். காட்ட அஞ்சுகிறேன்' என்று ஒப்புக்கொள்கிறது.

ரோட்சென்கோ குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்ட வெண்கடல் கால்வாயை 1933-இல் புகழ்ந்து படமெடுத்தவரும் அவரே. மைப்புட்டியைத் திறக்கும் முன்பே, எதைப் படமெடுப்பது என்று தெரிந்தெடுத்த கண்ணிலேயே மறைத்தல் தொடங்கிவிட்டது.

அதே நாட்டில், அதே கொடிய ஆண்டுகளில், அன்னா அக்மதோவா சிறைவாயிலில் காத்துநின்ற பெண்களின் துயரைப் பாடினார். வரிகளைத் தாளில் எழுதித் தோழியிடம் காட்டுவார். அவர் மனத்தில் பதிந்ததும் தாளை எரித்துவிடுவார். அக்கவிதை அந்நாட்டில் அச்சேறியது 1987-இல். தாளை இழந்தும் சொல் பிழைத்தது.

நமக்கு அத்தகைய அச்சம் எதுவுமில்லை. இருந்தும் நாம் அழிக்கிறோம். என் ஆய்வேடு நூலானபோது, முன்னுரையில் நான் நன்றி கூறியிருந்த ஒருவரின் பெயரை நீக்கினேன். இடையில் நேர்ந்த மனக்கசப்பே காரணம். வாக்கியங்களைச் செம்மையாக இணைத்துவிட்டேன். படிப்பவர் எவருக்கும் வடு தெரியாது. கால்வாய் நீரைப் போல அத்துணைத் தெளிவு!

இல்லாத முகத்தையும் கணிப்பொறி நொடியில் ஆக்கித் தரும் காலம் இது. கவிஞர்களே, உங்கள் தொகுப்பிலிருந்து ஒரு வரியையோ பெயரையோ நீக்க நேர்ந்தால் நீக்குங்கள். நீக்கிய இடம் மட்டும் தெரியட்டும். என் நூல் மறுபதிப்புக் காணுமாயின் அப்பெயர் மீண்டும் இடம்பெறும். இந்த அவையின் முன் அதைச் சொல்லிவைக்கிறேன்.