அய்ஸ்ஸத்து வாங்கித் தந்த கார்

முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டு மாணவிகள் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையார் கடைசிவரை புத்தகம் இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தவர் என்று அவருடைய மகள் என்னிடம் சொன்னார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் மாட்டாராம். அதனால்தானோ என்னவோ, ஆய்வுக் கட்டுரை வேண்டாம், படித்து மனதில் நின்றதைச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். பெண்களின் நட்பு, குடும்பம், துயரம் என்று பொருளையும் அவர்களே தந்துவிட்டார்கள்.

இந்த மூன்றில் பின்னிரண்டுக்கு நம் நாவல்களில் பஞ்சமே இல்லை. மகளாக, மனைவியாக, தாயாக, மாமியாராகப் பெண் படும் பாட்டை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதியாயிற்று. நட்புதான் அங்கே ஒண்டுக் குடித்தனம். இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகியோடு கிணற்றடியில் சிரிக்கும் சிநேகிதி, கல்யாணப் பந்தலைப் பிரிக்கும்போது காணாமல் போய்விடுவாள். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஆசிரியரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். எனக்கு இதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரண்டு பெண்களின் கதை என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், ஒருத்திக்குக் கல்யாணமான மறுநாள் இன்னொருத்தியை எங்கே வைத்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். பிறகு, சிநேகிதிக்காக இவள் செய்தது என்ன என்று பார்ப்பேன். கண்ணீரைத் துடைத்ததெல்லாம் கணக்கில் வராது. கைக்காசு, நல்ல பெயர், வீட்டில் இருக்கும் இடம், இவற்றில் எதையாவது பணயம் வைத்தாளா?

இந்தக் கணக்கில் நம் சங்கப் பாடல்களின் தோழிக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் அவள் பேச்சுதான். தலைவி மெலிந்துபோகிறாள். வீட்டார் குறி சொல்லும் கட்டுவிச்சியைக் கேட்கிறார்கள், தெய்வத்துக்கு வழிபாடு செய்கிறார்கள். உண்மை தெரிந்தவள் தோழி ஒருத்திதான். அவள் போய்ச் செவிலித்தாயின் முன்னால் நின்று வாயைத் திறக்கிறாள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவதில்லை. தினைப்புனம் காக்கப் போனோம், அருவியில் குளித்தோம், பூப் பறித்துப் பாறையில் குவித்தோம் என்று தொடங்குகிறாள். இங்கேதான் அந்த 99 பூக்களின் பட்டியல் வருகிறது. வகுப்பில் இதை மனப்பாடப் பகுதியாக்கிப் பிள்ளைகளை வதைப்போம். உரையாசிரியர்களுக்கும் தாவரவியல்காரர்களுக்கும் அது ஒரு களஞ்சியம். எனக்கோ, சொல்லப் பயந்த ஒரு பெண் அடுத்தவரியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு போவதாகத்தான் அது கேட்கிறது. கவலையோடு நிற்கும் தாய்க்கு எதிரே ஒவ்வொரு பூவாகப் பெயர் சொல்லித் தைரியம் சேர்த்துக்கொள்கிறாள். பூக்கள் தீர்ந்த பிறகு நாய்கள் வருகின்றன, வேல் ஏந்திய இளைஞன் வருகிறான், யானை வருகிறது. தலைவியின் காதலை இப்படி வீட்டாருக்குத் தெரிவிப்பதைத்தான் இலக்கணக்காரர்கள் அறத்தொடு நிற்றல் என்றார்கள். எழுதியவர் கபிலர், ஓர் ஆண். எழுதப்பட்டது ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்த என்பார்கள். இருக்கட்டும். அந்தக் குரலின் நடுக்கத்தை அவர் கேட்டிருக்கிறார்.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அதே தோழியைப் பாருங்கள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று வாதாடுகிற வேலைதான் பெரும்பாலும். அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு சண்டை உண்டா? பாடல்களில் எனக்குத் தட்டுப்படவில்லை.

அச்சுக்கு வந்த கதைகளைப் பெண்கள் தங்களுக்குள் எப்படிப் புழங்கினார்கள் என்பது தனிக் கதை. எங்கள் தெருவில் விகடனும் கல்கியும் ஆளுக்கொன்றாக வாங்குவார்கள். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்து, பழைய புடவைப் பெட்டியில் அடுக்கி, முடிந்ததும் காலிகோ போட்டு பைண்டு செய்துவிடுவார்கள். அத்தியாயத்தின் பாதிப் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். ஓரத்தில் பால் கணக்கு இருக்கும். என் அம்மாவிடம் இருந்த ஒரு தொகுப்பில் நடுவே ஒரு வாரம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் எதிர்வீட்டு அக்கா, அந்த அத்தியாயத்தில் நடந்ததைத் தன் கையால் முழுப் பரீட்சைத்தாள் அளவுக்கு எழுதி ஒட்டியிருந்தார். ஆசிரியர் எழுதியதைவிட அது சுருக்கமாகவும் காரமாகவும் இருந்தது. இந்த மாதிரித் தொகுப்புகள் சுவர் தாண்டிப் போகும், மதியம் சாப்பாட்டுக் கடைக்கும் மாலைக் காபிக்கும் நடுவே படிக்கப்படும், கருத்தோடு திரும்பி வரும். அந்தக் கருத்துகளை யாரும் பைண்டு செய்து வைக்கவில்லை.

நான் சொல்லத் துடிக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். செனகல் நாட்டு எழுத்தாளர் மரியாமா பா பிரெஞ்சில் எழுதி 1979-இல் வெளிவந்த நாவல். அதன் பெயருக்கே 'இத்தனை நீண்ட கடிதம்' என்றுதான் பொருள். 1980-இல் ஆப்பிரிக்க நூல்களுக்கான நோமா விருது முதன்முதலாக வழங்கப்பட்டது இதற்கே. மறு வருடம் மரியாமா பா மறைந்தார். நான் படித்தது ஆங்கிலத்தில்.

ரமத்துலாய் என்ற பள்ளி ஆசிரியை, பன்னிரண்டு பிள்ளைகளின் தாய், கணவன் மோது இறந்தபின் இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் அப்படியே வழங்கும் நடைமுறைதான். அந்த அடைப்பில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் பால்ய சிநேகிதி அய்ஸ்ஸத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். நாவல் முழுக்க அந்தக் கடிதம்தான். இருவர் கணவர்களும் படித்தவர்கள். விடுதலைக்குப் பின் நாட்டைக் கட்டப்போவதாகப் பேசியவர்கள். இருவரும் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டார்கள். அய்ஸ்ஸத்து பொற்கொல்லர் வீட்டுப் பெண். கணவனின் தாய் உயர்குலத்துப் பெருமை பேசுபவள். அந்த மருமகளை ஒப்புக்கொள்ளாமல், தானே வளர்த்து ஆளாக்கிய சொந்தக்காரப் பெண்ணை மகனுக்குக் கட்டிவைக்கிறாள். இந்தப் பக்கங்களைத் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ படிப்பவருக்கு அடிக்குறிப்பு வேண்டியதே இல்லை. ரமத்துலாயின் கணவன் தேடிக்கொண்டதோ தன் மகள் தாபாவின் பள்ளித் தோழியை.

அய்ஸ்ஸத்து நாலு மகன்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். மொழிபெயர்ப்பாளராகப் படித்துத் தூதரகத்தில் வேலைக்குப் போகிறாள். ரமத்துலாய் விலகவில்லை, கணவன்தான் இந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொள்கிறான். புது மனைவி காரில் வலம் வரும்போது, இவள் பிள்ளைகளோடு பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். இந்த அவதி அய்ஸ்ஸத்தின் காதுக்கு எட்டுகிறது. ஒருநாள் ஃபியட் நிறுவனத்திலிருந்து ரமத்துலாய்க்கு அழைப்பு வருகிறது: நீங்கள் ஒரு காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முழு விலையையும் அய்ஸ்ஸத்து கட்டுகிறார். வருவது ஒரு ஃபியட் 125. இவளுக்கு ஓட்டத் தெரியாது. பயந்து பயந்து பழகுகிறாள், தேறுகிறாள்.

பெண்களின் நட்பைப் பற்றி நான் படித்த பக்கங்களில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அய்ஸ்ஸத்து புத்தி சொல்லவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன், நீ ஏன் அங்கேயே கிடக்கிறாய் என்று கேட்கவில்லை. தன் முடிவைச் சிநேகிதியும் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது, அந்த ஒன்றுக்கு வழி செய்தாள். இந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் ரமத்துலாயைப் பலவீனமானவள் என்கிறார்கள். வகுப்பில் பேசும்போது மாணவிகளும் அய்ஸ்ஸத்து கட்சிதான். நான் அப்படி நினைக்கவில்லை. கணவன் இறந்தபின் அவன் அண்ணன் வந்து, இனி நான் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வழக்கப்படி உரிமை கொண்டாடும்போது, வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி மறுத்து அனுப்புகிறவள் இதே ரமத்துலாய். முப்பது வருடம் சேர்த்து வைத்த பேச்சை அன்று கொட்டித் தீர்க்கிறாள்.

எலேனா ஃபெரான்தேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் நான்கையும் (2011 முதல் 2014 வரை) பற்றிப் பேசாவிட்டால் பின்வரிசை கோபித்துக்கொள்ளும். லீலா, லெனு என்ற இரு ஏழைச் சிறுமிகள். முதல் பாகம் பதினாறு வயதில் லீலாவுக்கு நடக்கும் கல்யாண விருந்தோடு முடிகிறது. எனவே என் முதல் கேள்விக்கு இவர் மூன்று பாகம் முழுக்கப் பதில் எழுதியிருக்கிறார். நட்புக்குள் இருக்கும் பொறாமையை இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியவர் குறைவு. ஆனாலும் மூன்றாம் பாகத்தில் லெனுவின் காதல் விவகாரங்கள் எனக்கு அலுப்புத் தட்டின. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழுக்கு வருவோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதை நடப்பது ராஜஸ்தானத்து வீட்டில். மருமகள் மீனாட்சி, சமையலறைக்கு வெளியே வராந்தாவை அகலப்படுத்தலாமே, மலை தெரியுமே என்று பேச்செடுக்கிறாள். பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு அந்த வராந்தாவில் துணி காயப்போடக் கயிறு கட்டப்படுகிறது. மலையைப் புடவைகள் மறைக்கின்றன. யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. கதையின் கடைசியில் நோயுற்ற மாமியாரின் படுக்கையருகே மருமகள் உட்கார்ந்து பேசும் பேச்சு, தமிழில் மாமியார் மருமகள் பற்றி எழுதப்பட்டவற்றுக்கெல்லாம் அடியோடு வேறானது. அதை நீங்களே படியுங்கள்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. பருவமடைந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டோடு வைக்கப்பட்டவர் சல்மா. கல்யாணத்துக்குப் பின் ஒளிந்து எழுதிய கவிதைகளை வெளியே கொண்டு சேர்க்க உதவியவர் அவருடைய அம்மா. அந்த நாவலில் ஆண்கள் வெளியூரிலும் கடையிலும் இருக்க, பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அந்தரங்கம் பேசி வெட்கப்படாமல் கேலி செய்கிறார்கள். படிக்கிறவர் அதில் மயங்கிப் போகலாம். ஆனால் அதே கூடம்தான் தீர்ப்பும் சொல்கிறது. சிறுமி ராபியா சினிமாவுக்குப் போனது குற்றமாகிறது. கணவனை வேண்டாம் என்று வந்துவிட்ட பிர்தவ்ஸ், பக்கத்து வீட்டு இந்து ஆடவனோடு பழகுவது தெரிந்ததும், பெற்ற தாயே விஷத்தை நீட்டுகிறாள். பெண்கள் ஒன்றாக இருப்பதே நட்பு என்று எண்ணிக்கொள்பவர்களுக்கு இந்த நாவலைத்தான் நான் கொடுப்பேன்.

மரியாமா பாவைப் பற்றி வேறோர் ஊரில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "கார் வாங்கித் தரக் காசில்லாத சிநேகிதி என்ன செய்வாள், மேடம்?" நியாயமான கேள்வி. தூதரகச் சம்பளம் எல்லோருக்கும் வாய்க்குமா?

பாமாவின் 'சங்கதி'யில் (1994) இதற்குப் பதில் இருக்கிறது. ஆறுதலான பதில் இல்லை. மாரியம்மா தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலத்துக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். உதறிக்கொண்டு ஓடிவந்து கூட வந்த பெண்களிடம் சொல்கிறாள். அவர்கள் சொல்வது: வாயைத் திறக்காதே. முதல்முறை படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு நடப்பதைப் பாருங்கள். அவன் முந்திக்கொள்கிறான். இவளையும் மாணிக்கம் என்ற இளைஞனையும் தோட்டத்தில் சேர்த்துப் பார்த்ததாகக் கதை கட்டுகிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. மாரியம்மாவுக்கு 200 ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு 100. ஒரே குற்றத்துக்கு ஏன் இரண்டு விலை என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பேசாதே என்றவர்கள் கோழைகள் அல்ல. அந்த ஊர் நியாயத்தின் விலைப்பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். கூட்டத்தின் ஓரத்தில் நின்று முணுமுணுத்ததும் பெண்கள்தான். ஆண்கள் அதட்டி அவர்கள் வாயை அடைக்கிறார்கள். தூரத்தில் இருந்தபடி அய்ஸ்ஸத்தால் காசோலை அனுப்ப முடிந்தது. இவர்களோ மறுநாள் அதே நிலத்துக்காரர்களிடம் கூலிக்குப் போய் நிற்க வேண்டியவர்கள்.

நிலத்துக்காரன் கட்டிய அந்தக் கதையால் மாரியம்மாவை மாணிக்கத்துக்கே கட்டிவைக்கிறார்கள். அவன் குடிக்கிறான், அடிக்கிறான். வழக்கமான நாவலாக இருந்தால் அவளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போயிருக்கும். 'சங்கதி'யில் கதை சொல்லும் பெண் விடுவதில்லை. மாரியம்மா அவளுக்குப் பெரியம்மா மகள். நடந்தது பொய் என்று தெரிந்தும் ஏன் கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள். பாட்டியிடம் மல்லுக்கு நிற்கிறாள். பாட்டிக்குச் சொல்லப் பதில் இல்லை, ஊர் வழக்கம் மட்டும் இருக்கிறது. கல்யாணத்தின் மறுநாள் சிநேகிதி எங்கே போனாள் என்ற கேள்விக்கு இங்கே கிடைத்த விடை, அவள் போகவில்லை, உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதுதான்.

மணி ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து முதலில் வரட்டும்.