நிலக்கடலையும் தேனும்

(பழனி மலைப்பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குழந்தையின் முதல் உணவைப் பற்றி ஆசிரியர்களிடம் பேசுவானேன் என்று தோன்றலாம். மன்னவனூர், பூம்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் அம்மா தோட்ட வேலைக்குப் போனபின் தம்பிக்குக் கஞ்சி ஊட்டுவது, பல வீடுகளில், உங்கள் ஏழாம் வகுப்பு மாணவிதான்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிலக்கடலை, முட்டை என்றால்தான் "ஒத்துக்காது, மூணு வயசாகட்டும்" என்கிறோம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் ஒவ்வாமை உள்ள குடும்பங்களுக்கு 2000-இல் அப்படித்தான் சொன்னார்கள், 2008-இல் கைவிட்டார்கள். 2015-இல் லண்டன் ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள்; மறுபாதிக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது. கொடுத்தவர்களில் 3 பேருக்குத்தான்.

அதற்காக முழுக்கடலையைக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். வறுத்து மாவாக அரைத்து, கஞ்சியில் கால் தேக்கரண்டி. முட்டையை நன்றாக வேகவைத்து. கடுமையான கரப்பான் உள்ள குழந்தையென்றால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். புதிய உணவை ஒவ்வொன்றாக, காலையில் தொடங்குங்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கடைசி பஸ் போனபிறகு முதல் முட்டை வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே 108.

நாம் பயப்படாத பொருள் ஒன்று உண்டு: தேன். பிறந்ததும் சேனை வைக்கிறோம். மொட்டை போடப் பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டு நாக்கில் தடவுகிறோம். மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, நெய், பேரீச்சை, கற்கண்டோடு தேனும் அதில் இருக்கிறது. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். இது ஒவ்வாமை அல்ல. மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, தலை துவளல் என்று தொடங்கும். அரிதுதான், ஆனால் மூச்சுத் தசைவரை போனால் உயிருக்கே ஆபத்து. சுத்தமான மலைத்தேன் என்பதாலோ காய்ச்சியது என்பதாலோ வித்துகள் சாவதில்லை.

பாட்டிமாரோடு வாதாட வேண்டாம், வெல்ல முடியாது. "குழந்தைக்குத் திருநீறு பூசுங்கள், பஞ்சாமிர்தத்தை அம்மா சாப்பிடட்டும், முதல் பிறந்தநாள் முடிந்ததும் குழந்தைக்குக் கொடுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள்.