சொல்லில் தொடங்கும் மிருதங்கம்

மிருதங்கம் பயில வரும் மாணவருக்கு ஆசிரியர் முதலில் கற்பிப்பது 'தா, தீ, தொம், நம்' என்னும் நான்கு சொற்களையே. வாயால் உச்சரிக்கப்படும் இத்தகைய தாள ஒலிகளுக்குச் சொற்கட்டு என்று பெயர். இவற்றுள் 'நம்' என்பது, வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவிலுள்ள கரணை எனப்படும் கரும்பூச்சின் ஓரத்தை மோதிர விரல் இலேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்புத் தோலைத் தட்டும்போது பிறப்பதாகும். மோதிர விரல் சற்று அழுந்தினாலும் நாதம் மங்கிவிடுமாதலால், தொடக்கநிலை மாணவரைப் பெரிதும் சோதிப்பது இச்சொல்லே எனலாம். கையால் தாளமிட்டபடி பாடத்தை மூன்று காலங்களில், அதாவது தாளத்தின் வேகம் மாறாதிருக்கச் சொற்களின் வேகத்தை மட்டும் இருமடங்கு, நான்மடங்கு எனக் கூட்டிச் சொல்லிப் பழகிய பின்னரே வாசிக்க வைப்பது நல்லாசிரியர் வழக்கம். தொப்பி எனப்படும் இடப்பக்க முகத்தில், நீர் விட்டுப் பிசைந்த ரவையை அப்புவதும், வாசித்து முடித்தபின் அதைச் சுரண்டி எடுப்பதும்கூடப் பாடத்தில் அடங்கும்.